துணிக்கு எது முகம்

போன வாரம் பூங்காவில், நம் பெஞ்சில், என் மடியிலிருந்த கூடையைத் தூக்கிப் பார்த்து, "இது எங்க வாங்கினீங்க? வெளிப்பக்கம் ஏன் இப்படித் தொளதொளன்னு இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் சிரித்துக்கொண்டே கொய்யாத் துண்டை எடுத்து நீட்டினேன்.

நான் பெஞ்சின் ஓரத்தில் உட்காருகிறவள் என்பது உங்களுக்குத் தெரியும். நாலு பேர் முகத்தைப் பார்த்ததும் வாய்வரை வந்தது தொண்டைக்குத் திரும்பிவிடும். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அதனால் எழுதித் தருகிறேன். உங்களில் கண்ணாடி கொண்டுவந்திருப்பவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்கு மட்டும் நான் நடக்க வரமாட்டேன்.

அந்தக் கூடை கடையில் வாங்கியதில்லை. ஓக்லஹோமாவில், செரோக்கி என்கிற அமெரிக்கப் பழங்குடி மக்களின் ஊரில், என் அக்கா தன் கையால் பின்னியது. சான் ஹோசேயில் மகன் வீட்டில் இருக்கிறாளே, அந்த அக்காதான். அவள் கூடை என் மடிக்கு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், நான் அவளுக்குச் செய்த ஒரு துரோகத்தை முதலில் சொல்ல வேண்டும். பத்து வயதில் செய்தது.

அப்போது ஊட்டிக்குக் கீழே, காரட் தோட்டங்களுக்கு நடுவில் போகும் ரோட்டில் அம்மா டீக்கடை வைத்திருந்தாள். அப்பா மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய்கறி லாரி ஓட்டினார். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். மார்கழி பிறந்தால் அங்கே உறைபனி விழும். காலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினதுபோலக் கிடக்கும். வெறுங்காலை அதில் வைத்தால் முதலில் குளிராது, சுடும். எங்கேயோ தைல இலை காய்ச்சுகிற வாசனை வரும். அந்த வாசனையோடு அடுப்பில் கொதிக்கிற டீத்தூள் வாசனையும் சேர்ந்துவிடும். இன்றைக்கும் இங்கே டெக்சாஸில் மூக்கடைப்புக்கு மகள் தைலம் தேய்த்துவிட்டால் எனக்கு டீ வேண்டும்போல இருக்கும்.

அக்கா என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். அம்மை வார்த்து ஒரு வருடம் பள்ளிக்கூடம் போகாததால் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு, ஐந்தாவது. ஒரே வகுப்பில் அக்கா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்படி இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் சொன்ன பதிலையே நான் சொன்னால், "அக்காவைப் பாத்துச் சொல்றா" என்பார்கள். நான் முதலில் சொன்னால் யாருக்கும் கேட்காது. என் குரல் அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில்தான் போர்வைக்காரம்மா எங்கள் கடைக்கு வரத் தொடங்கினாள். அவள் தோடர் இனத்துப் பெண். அம்மா என்று கூப்பிடும் வயதுகூட இல்லை, இருபது இருபத்திரண்டு இருக்கும். கறுப்பும் சிவப்பும் கரைபோட்ட வெள்ளைப் போர்வை ஒன்றை எப்போதும் போர்த்தியிருப்பதால் அந்தப் பெயர் வைத்தோம். அவள் வீட்டுக்காரர் கான்வென்டுக்கும் ஓட்டல்களுக்கும் எருமைப்பால் ஊற்றுவார். அவர் ஊற்றிவிட்டு வரும்வரை அவள் எங்கள் கடை பெஞ்சில் உட்கார்ந்து துணியில் பூவேலை செய்துகொண்டிருப்பாள்.

துணியில் கோடு போட்டுக்கொள்ள மாட்டாள், படம் வரைந்துகொள்ள மாட்டாள். தடித்த வெள்ளைத் துணியின் இழைகளை ஊசி முனையால் எண்ணுவாள். உதடு அசையும், சத்தம் வராது. எண்ணி முடித்ததும் சிவப்புக் கம்பளி நூல் உள்ளே போகும், வெளியே வரும். சாயங்காலம் பார்த்தால் மலை மலையாக ஒரு வரிசை நிற்கும்.

அக்கா போய் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். அதற்கெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூல் கோத்துக் கொடுத்தாள், கத்தரித்துப் போட்ட துண்டு நூல்களைப் பொறுக்கிச் சேர்த்தாள். ஒருநாள் பழைய மாவுச் சாக்கிலிருந்து ஒரு சதுரத்தை வெட்டி, அவளும் இழை எண்ண ஆரம்பித்தாள். போர்வைக்காரம்மா பார்த்துச் சிரித்தாள். சும்மா இருந்த கையால் அக்காவின் தலைமுடியை எடுத்து, வெண்ணெய் தடவி, விரலில் சுற்றிச் சுற்றிச் சுருள் விட்டாள். தோடர் பெண்கள் எல்லாரும் அப்படித்தான் விட்டிருப்பார்கள். தோளில் தொங்கும் சுருள் சுருளான முடி.

நான் விறகு அடுக்குக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கிருந்து எல்லாம் தெரியும். என்னை ஒருமுறை கூப்பிட மாட்டாளா என்றுதான் நின்றேன். கூப்பிட்டால் போயிருப்பேனா என்பது வேறு விஷயம்.

ஒருநாள் அவள் என்னைப் பார்த்துவிட்டாள். "இவ யாரு? பேசவே மாட்டேங்குறா?"

அம்மா டீ ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "அதா? என்ற சின்னவளுங்க. கூச்சம். கண்டதுக்கெல்லாம் ஆசப்படற புள்ளயில்லீங்க. குடுத்தாத்தான் வாங்குவா, இல்லீன்னா சும்மா இருந்துக்குவா."

அம்மா கண்ணை மூடும்வரை என்னைப் பற்றி அப்படியேதான் நினைத்திருந்தாள். ஆசைப்படாத பிள்ளை! அன்றிரவு படுக்கையில் அக்காவின் தலையிலிருந்து வெண்ணெய் வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு அவள் முடியைப் பிடித்து இழுக்க வேண்டும்போல இருந்தது.

எங்கள் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்க ஊட்டியில் கான்வென்ட்தான். அங்கே ஹாஸ்டலில் இலவசமாக இடம் கொடுப்பார்கள், ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு பெண். பரீட்சையில் இருவரும் ஒரேபோல மார்க் வாங்கியிருந்தோம். அதனால் தையலைப் பார்த்து முடிவு செய்கிறோம் என்று தலைமைக் கன்னியாஸ்திரி சொல்லி அனுப்பினார்கள். அவர்களை எல்லாரும் மதர் என்றுதான் சொல்வோம். ஒவ்வொரு பிள்ளையும் தான் தைத்ததை அட்டையில் ஒட்டி, பெயர் எழுதிக் கொண்டுவர வேண்டும்.

நான் கைக்குட்டையில் சங்கிலித் தையலில் ஒரு ரோஜா தைத்தேன். அக்காவிடம் அந்தச் சாக்குத்துணிச் சதுரம் இருந்தது. சிவப்பும் கறுப்புமாக நாலு வரிசை. இப்போது சொல்கிறேன், ரோஜா நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சதுரத்தின் பக்கத்தில் வைத்தால் ரோஜாவைத் திரும்பிப் பார்க்கத் தோன்றாது.

கொண்டுபோக வேண்டிய நாளைக்கு முந்தைய மத்தியானம் அம்மா மைதாவில் பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போட்டுப் பசை காய்ச்சினாள். அக்கா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். "சின்னவளே, உன்ற கைதான் சுத்தம். ரெண்டையும் நீயே ஒட்டி வெச்சிரு கண்ணு" என்று சொல்லிவிட்டு அம்மா கடைக்குப் போனாள்.

என் ரோஜாவை நேராக ஒட்டினேன். பிறகு அக்காவின் துணியைக் கையில் எடுத்தேன். அவள் பார்த்துப் பார்த்துத் தைத்த பக்கம் வழவழவென்று, அச்சடித்ததுபோல இருந்தது. திருப்பினேன். பின்பக்கம் நூல் மடிப்பு மடிப்பாக, முள் முள்ளாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பின்பக்கம் சுத்தமாக இல்லாவிட்டால் தையல் டீச்சர் காதைத் திருகுவார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வழவழப்பான பக்கத்தில் பசையைத் தடவினேன். முள் பக்கம் மேலே தெரியும்படி அட்டையில் வைத்து, உள்ளங்கையால் நன்றாக அழுத்தினேன். பசை சூடாக இருந்தது. மேலே ஒரு காகிதத்தைப் போட்டுக் கட்டி வைத்துவிட்டேன்.

மறுநாள் கான்வென்ட் ஹாலில் நீளமேசை போட்டு எல்லா அட்டைகளையும் வரிசையாக வைத்தார்கள். காகிதத்தை எடுத்ததும் கூட வந்திருந்த எங்கள் தையல் டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இது யாரோடது? துணியோட முதுகைக் காட்டியிருக்கு!"

அக்காவின் முகம் சுண்ணாம்பாகப் போனது. என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். வயிற்றில் சூடாக ஒன்று ஓடியது, பனியில் கால் வைத்ததுபோல.

அந்த நேரம் பார்த்து, அன்றைக்கு வீட்டுக்காரரோடு பால் ஊற்ற வந்திருந்த போர்வைக்காரம்மா காலிப் பால்கேனைத் தூக்கிக்கொண்டு ஹால் வாசல் வழியாகப் போனாள். அக்காவைப் பார்த்ததும் உள்ளே வந்தாள். மேசைமேல் இருந்ததைப் பார்த்தாள். விரலால் தடவினாள்.

"அடடே, முகத்த சரியா வெச்சிருக்குதே புள்ள!"

மதர் கேட்டார்கள், "என்ன சொல்ற? இது பின்பக்கமில்லையா?"

அவள் தன் போர்வையின் கரையை எடுத்துக் காட்டினாள். வெளியே தெரிந்த பக்கம் முழுக்க முள் முள்ளாக நூல். அத்தனை நாள் பார்த்திருக்கிறோம், ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. "நாங்க தைக்கறப்போ இந்தப் பக்கம் பாத்துத் தைப்போம். போத்தறப்போ அந்தப் பக்கந்தான் வெளிய வரும். அதுதான் முகம். தைக்கறவளுக்குத் தன்னோட முகம் தெரியாதுங்க" என்று சிரித்தாள். "டவுன்காரங்க எல்லாம் திருப்பித்தான் மாட்டுவாங்க. இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்குது."

மதர் அக்காவின் பக்கம் திரும்பினார்கள். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அக்கா ஒரு மூச்சுகூடத் தயங்கவில்லை. "பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன் மதர்" என்றாள்.

இடம் அவளுக்குப் போனது. திரும்பி வரும் வழியில் என் காதோடு சொன்னாள்: "பைத்தியமே, நல்லவேளை நீ தப்பா ஒட்டினே!"

அவ்வளவுதான். அவள் வாழ்க்கை அந்தப் பக்கம் போனது, என்னுடையது காரட் கழுவும் தொட்டிப் பக்கம் போனது. தகரப்பெட்டியோடு அவளை ஹாஸ்டலில் விட்டு வந்த அன்றைக்கு அம்மா எல்லாரிடமும் சொன்னாள், "சின்னவ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலீங்க. அக்காளுக்காக விட்டுக் குடுத்துட்டா." அந்த அட்டையை மதர் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். ஆவியில் காட்டித் துணியை உரித்தெடுத்து, கெட்டில் பிடிக்கும் கரித்துணியாக்கினேன். அம்மா கவனிக்கவில்லை. ஒரே மாதத்தில் கரி ஏறி, எந்தப் பக்கம் முகம் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. இப்போது தேடினாலும் கிடைக்காது.

பிறகு அக்கா டீச்சரானாள். இங்கிலீஷ் பேசினாள். விமான நிலையத்தில் ஆபீசர் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவளே பதில் சொல்வாள். நான் மகள் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டுவேன். எங்கே விருந்துக்குப் போனாலும் அவள் அந்தக் கதையைச் சொல்வாள். "பதினொரு வயசுலயே எனக்கு எது முகம்னு தெரிஞ்சிருந்தது!" என்று. நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு இருப்பேன். என் நிலைமையைப் பாருங்கள். ஒட்டியது நான் என்று சொன்னால், ஏன் ஒட்டினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி ஓக்லஹோமா.

அக்கா இங்கே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது மகள் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் இருவரையும் காரில் ஏற்றினாள். "அம்மா, பெரியம்மா, செரோக்கி பாஸ்கெட் கிளாஸுக்கு உங்க ரெண்டு பேருக்கும் புக் பண்ணிட்டேன். நோ ஆர்க்யூமெண்ட்ஸ்." மூன்றரை மணி நேரம் ஓட்டினாள். பாதி நேரம் அக்காவே பேசினாள்.

சொல்லிக்கொடுத்த அம்மாள் செரோக்கி. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு, வாளி மாதிரி ஒரு டம்ளரில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வால்நட் தோல் சாயம் ஏறி விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவருடைய முன்னோர்கள் கிழக்கே மலைகளில் இருந்தவர்களாம். ஆற்றங்கரையில் வளரும் மூங்கில் மாதிரியான நாணலைப் பிளந்து பின்னினார்களாம். பட்டாளம் வந்து துரத்தி, நடக்கவைத்தே இங்கே கொண்டுவந்து விட்டபோது இங்கே வேறு கொடிகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பின்னினார்களாம். மகள் காதில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டேன்.

"நம்மள மாதிரியே மலைய விட்டு வந்தவங்க" என்றாள் அக்கா.

"நம்மள யாருக்கா தொரத்தினாங்க?" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை.

அவர்கள் கூடைக்கு இரண்டு சுவர். அடியில் தொடங்கி உள்சுவரை மேலே பின்னிக்கொண்டு போக வேண்டும். விளிம்பு வந்ததும் குச்சிகளை வெளியே மடித்து, அதே கூடையின் மேல் கீழ்நோக்கிப் பின்னிக்கொண்டு வர வேண்டும். உள்ளே பார்த்தாலும் நல்ல பக்கம், வெளியே பார்த்தாலும் நல்ல பக்கம். குச்சி முனை ஒன்றும் தெரியாது. ஊறவைத்த பிரம்புக் குச்சிகளை எங்களுக்குக் கொடுத்தார்.

"உள்சுவர் கோணலா வந்தா கவலப்படாதீங்கன்றாங்க" என்று மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "வெளிச்சுவர் மறைச்சிடுமாம். வெளிச்சுவரும் கோணலா வந்தா, எங்கக்கா பின்னினதுன்னு சொல்லிடுங்கன்றாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அவருக்கும் ஒரு அக்கா இருந்திருக்க வேண்டும்.

விளிம்பு திரும்புகிற இடத்தில் அக்காவுக்கு அந்தப் பழைய கதை ஞாபகம் வந்துவிட்டது. கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு இங்கிலீஷில் ஆரம்பித்தாள். எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கை போகிற போக்கிலேயே எந்த இடம் என்று தெரியும். இதோ அட்டை, இதோ டீச்சர் சிரிக்கிறார், இதோ போர்வை.

அந்த அம்மாள் கேட்டுவிட்டு ஏதோ கேட்டார். மகள் எனக்குச் சொன்னாள்: "பெரியம்மாவுக்கு யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேக்கறாங்க."

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்தாள். "நோபடி" என்றாள்.

அது எனக்குப் புரிந்தது.

"நான்தான் ஒட்டினேன்" என்றேன். அறை முழுக்கக் கேட்டுவிட்டது. என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. "நான்தான் திருப்பி ஒட்டினேன். தப்பா ஒட்டல. தெரிஞ்சேதான் ஒட்டினேன். எல்லாரும் உன்னப் பாத்துச் சிரிக்கணும்னு ஒட்டினேன்."

அக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. அந்த அம்மாள் என்னையும் மகளையும் மாறிமாறிப் பார்த்து, "வாட் டிட் ஷி சே?" என்றார்.

மகள் பெரியம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எதையோ சொன்னாள். அந்த அம்மாள் உடனே தலையாட்டிக்கொண்டு எழுந்துபோய், ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து என் குச்சிகளின்மேல் தாராளமாகத் தெளித்தார்.

"என்னடி சொன்னே?"

"உன் குச்சி காஞ்சுபோச்சு, தண்ணி வேணுமாம்னு சொன்னேன்" என்றாள் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பேசாம பின்னும்மா, ப்ளீஸ்."

பின்னினேன். நெஞ்சு அடித்துக்கொண்டதில் ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இழுத்து முறுக்கினேன். அக்காவும் பின்னினாள். அவள் ஒரு சுற்றையும் இழுத்துவிடவில்லை.

சாயங்காலம் திரும்பினோம். ரெட் ரிவர் பாலம் தாண்டி டெக்சாஸுக்குள் வந்துவிட்டோம். பெட்ரோல் போட மகள் இறங்கினாள். அப்போதுதான் அக்கா, ஜன்னலைப் பார்த்தபடி பேசினாள்.

"ஏண்டி, என் தையல் அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுக்கா" என்றேன். "அதனாலதான்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகள் வந்து வண்டியை எடுத்தாள்.

நாலு நாள் கழித்து அக்கா விமானம் ஏறினாள். அவள் இருந்த அறையைப் பெருக்கப் போனபோது அலமாரித் தட்டில் ஒரு கூடை இருந்தது. நான் பின்னியது இறுக்கமாக, ஒரு மிளகுகூட நழுவாத மாதிரி வந்திருந்தது. அங்கே இருந்தது அவளுடையது, என்னுடையதைக் காணோம். போன் போட்டேன்.

"அக்கா, கூடை மாறிப்போச்சு போல."

"மாறல."

"பின்ன?"

அந்தப் பக்கம் அவள் பேரனை அதட்டுகிற சத்தம் கேட்டது.

"உன்னோடது நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அதனால் இப்போது பழம் வைத்துக் கொண்டுவருவது அக்காவின் கூடையில்தான். வெளிப்பக்கம் தொளதொளவென்று இருக்கிறதே என்று நீங்கள் எல்லாரும் அன்றைக்கு ஒரே குரலில் சொன்னீர்கள் இல்லையா, எங்கக்கா பின்னினது என்று வாய்வரை வந்தது, அதற்குத்தான் சிரித்தேன்.